நான் எழுதிக் கொடுத்த நம்பர்

வெளியாள் ஒருவர் வந்து எங்கள் தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கும். சம்பளப் பதிவான செக்ரோலில் அதையே கிளாக்கர் தன் இஷ்டத்துக்கு வேறு மாதிரி எழுதியிருப்பார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் அந்த இரண்டில் எதைச் சொன்னாலும் யாருக்கும் புரியாது. பீலிக்கரைச் சின்னம்மா, ரெண்டாங் காம்பரா அக்கா, டிரைவர் மாமா பொண்டாட்டி, இப்படித்தான் எங்களுக்கு ஆட்களைத் தெரியும். அதனால் கடன் வசூலிக்கத் தோளில் பையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் எவரும் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்பிடி யாரும் இங்க இல்லீங்களே மாத்தயா" என்பதுதான் பதில். அதைச் சொல்லிவிட்டு அவருக்கு ஒரு பிளேன்டீயும் கொடுத்து அனுப்புவார்கள். கடன் வாங்கியவர் ஒழுங்கானவரா என்று யாரும் யோசிப்பதில்லை. வெளியாளுக்கு ஆளைக் காட்டக்கூடாது, அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான்தான் ஆளைக் காட்டினேன்.

கஹவத்தையிலிருந்து றக்வானைக்குப் போகும் பாதையில் இறங்கி, றப்பர் மலையைத் தாண்டி நடந்தால் எங்கள் டிவிஷன். அங்கே பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. காலையில் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போவார்கள். பால்மா கரைத்துக் கொடுப்பது, தூங்க வைப்பது, மாதம் ஒருமுறை நிறை பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என்று நாள் போய்விடும். ஓ லெவல் வரை படித்தவள், சிங்களமும் எழுத வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. கடிதம் வாசிக்க, கடிதம் எழுத, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும்.

என்னிடம் அடிக்கடி வந்தவர் தொங்கல் காம்பராவில் இருந்த அக்கா. லயத்தின் கடைசி அறை அது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்தாள். மகளிடமிருந்து வரும் கடிதத்தை நான்தான் வாசிப்பேன். பதிலையும் அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். விலாசமும் கடையின் போன் நம்பரும் எனக்கு மனப்பாடம். அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் "வாசிக்கும் சித்திக்கும் என் அன்பு" என்று ஒரு வரி இருக்கும்.

அந்தக் கடிதங்களில் ஒன்றில் அவள் எழுதியிருந்தது இது: "அம்மா, இங்கே நான் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லவில்லை. இரத்தினபுரி டவுன், அப்பா ஆபீஸில் வேலை என்று சொல்லித்தான் சேர்ந்தேன். லயத்துப் பிள்ளை என்றால் வீட்டு வேலைக்குத்தான் கேட்கிறார்கள். ஆகவே கடைக்கு யாரும் போன் பண்ண வேண்டாம், தேடி வரவும் வேண்டாம். அவசரம் என்றால் மட்டும் இந்த நம்பர்." வாசித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள" என்றார். "நான் ஏங்க்கா சொல்லப்போறேன்" என்று எனக்கு ரோஷம்கூட வந்தது.

அப்போது லயத்துக்குக் கரண்ட் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், இரண்டாயிரத்து மூன்று அல்லது நாலு. டவுனில் இருந்த ஒரு கடை எல்லாருக்கும் தவணைக்குச் சாமான் கொடுத்தது. நான் டீவி எடுத்தேன். தொங்கல் காம்பரா அக்கா, மகள் திரும்பி வந்தால் வீட்டோடு இருந்து தைக்கட்டும் என்று தையல் மெஷின் எடுத்தார். பிறகு அவருடைய புருஷனுக்கு மூச்சு வாங்கும் வியாதி வந்து, றப்பர் வெட்டப் போக முடியாமல் ஆனது. அதுவரை டவுனுக்கே போய்க் கட்டி வந்த தவணை நாலைந்து மாதம் நின்றுவிட்டது. என் கதை வேறு. என் புருஷன் மாதா மாதம் தவணைக் காசைக் கையில் தந்தார். அதில் இரண்டு மாதக் காசை, அவருக்குத் தெரியாமல் என் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். தம்பி ஒரு வம்பில் மாட்டியிருந்தான். தவணை கட்டியாச்சு என்று புருஷனிடம் பொய் சொன்னேன்.

தவணைக்கார மாத்தயா பகலில்தான் வருவார். பகலில் லயம் வெறிச்சோடிக் கிடக்கும், ஆள் இருக்கிற ஒரே இடம் பிள்ளைக்காம்பரா. சிங்கள ஆள், முப்பது வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசுவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். என்னை "மிஸ்" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். தோட்டத்தில் நான் ஆயா, அவருக்கு மட்டும் மிஸ். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்து, உங்களுடைய தவணை இரண்டு மாதம் பாக்கி இருக்கிறதே மிஸ், உங்கள் வீட்டுக்கார மாத்தயாவுக்குத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். குரல் உயரவே இல்லை. அவர் ஃபெக்டரியில்தானே, சாயங்காலம் வந்தால் ஆளைப் பார்க்கலாம்தானே என்றார். சாயங்காலம் வர வேண்டாம் என்று கெஞ்சினேன்.

அதன்பிறகு அவர் இன்னொரு அட்டையை எடுத்து ஒரு பெயரை வாசித்தார். ஐந்து தடவை வந்துவிட்டாராம், இந்தப் பெயரில் யாருமே இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்களாம். அது தொங்கல் காம்பரா அக்காவின் அடையாள அட்டைப் பெயர். ஆஸ்பத்திரித் துண்டுகளில் பார்த்திருந்ததால் எனக்குத் தெரியும். லயத்தில் அது தெரிந்தவர்கள் அவர் புருஷனும் நானும்தான்.

"தெரியாதுங்க மாத்தயா" என்று சொல்லியிருக்கலாம். பிளேன்டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம். நான் சொன்னது, "அவங்க கஷ்டப்பட்டவங்க, அவங்ககிட்ட காசு இல்ல. மகதான் கொழும்பில நல்ல வேலையில இருக்கா." உதவி செய்கிறவள் மாதிரி ஒரு குரலில் வேறு சொன்னேன். அவர் பேனாவை நீட்டினார். இந்த மாதமும் அடுத்த மாதமும் உங்கள் அட்டையில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று போட்டுவிடுகிறேன் மிஸ், நீங்கள் மெதுவாகக் கட்டுங்கள் என்றார். நிறை எழுதும் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவள் பெயர், கடையின் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அவளுடைய அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகம் வரவில்லை என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வந்தது. வந்தபிறகும் கடைசி இலக்கம் வரை எழுதினேன்.

மூன்று கிழமை கழித்து அவள் வந்து இறங்கினாள். ஒரு பயணப் பை, ஒரு ஷாப்பிங் பை, நனைந்த தலை. கடைக்குத் தினமும் போன் வந்திருக்கிறது. முதலில் காசாளரிடம், பிறகு முதலாளியிடமே பேசியிருக்கிறார்கள். உங்கள் கடையில் இருக்கும் அந்த லயத்துப் பிள்ளையின் தாய் எங்களுக்குக் காசு கட்டாமல் ஒளிந்து திரிகிறாள், மகளிடம் சொல்லுங்கள் என்று. கடையில் கூட வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளி அதிகம் ஏசவில்லையாம். ஊரையே மாற்றிச் சொன்னவளைக் கல்லாப்பெட்டி இருக்கிற இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் கேட்டாராம். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அக்கா மாரில் அடித்துக்கொண்டார். "எந்தப் பாவி குடுத்தான் அந்த நம்பர? அவன் வாய் புழுத்துப் போக!" லயமே கூடி நின்றது. தோட்டத்துச் சந்திக் கடை முதலாளிதான் கொடுத்திருக்க வேண்டும் என்று அக்காவே முடிவு செய்தார். ஒருமுறை அந்தக் கடைப் போனிலிருந்து மகளுடன் பேசியிருந்தார், நம்பர் அங்கேதான் இருந்திருக்கும் என்று நினைத்தார். நான் பக்கத்தில் நின்று, "இருக்கலாங்க்கா, அந்த ஆளு அப்பிடித்தான்" என்றேன். ஏன் வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. சும்மா நின்றிருந்தாலே போதும், யாரும் என்னைக் கேட்கவில்லை. மறுநாள் அக்கா கடை வாசலில் நின்று அந்த மனிதரை மண்ணை வாரித் தூற்றினார். அவர் தராசைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அக்கா அந்தக் கடைப்பக்கமே போகவில்லை.

மகள் அழவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள்.

"சித்தி, நாளைக்கு எங்கூட டவுனுக்கு வர்றீங்களா? அந்தத் தவணைக் கடை ஆபீசுக்குப் போகணும்."

"என்னத்துக்குடி? காசு கட்டவா?"

"காசு அம்மா கட்டும், கட்ட வேண்டியதுதானே. நான் எங்கயும் கையெழுத்து வைக்கல சித்தி. கடன் எடுத்ததும் நான் இல்ல, பொறுப்பு நின்னதும் நான் இல்ல. என் பேரும் என் வேலை எடத்து நம்பரும் அவங்க ஃபைல்ல எதுக்கு இருக்கணும்? அதக் கேக்கணும். நான் தனியாப் போனா சின்னப்புள்ளன்னு வெரட்டிருவாங்க. நீங்க வந்தா நல்லா இருக்கும்."

பிள்ளைகளை விட்டு வர முடியாது என்றேன். லீவு கேட்க முடியாது என்றேன். அவள் எனக்கு லீவு தரும்படி, தோட்டத்து நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயாவிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தாள். நான் போனேன்.

அங்கே மேனேஜர் என்று ஒரு இளவயதுக்காரர் இருந்தார். அவள் சிங்களத்தில் பேசிய தோரணையைப் பார்த்து நானே அசந்துபோனேன். தோட்டத்துச் சிங்களம் இல்லை, கொழும்பில் நின்று பழகிய சிங்களம். என் தாயின் கடனை என் முதலாளியிடம் சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டாள். என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள். அப்படியெல்லாம் காட்ட முடியாது என்றார் மேனேஜர். காட்டாமல் போகமாட்டேன் என்று கவுண்டருக்கு முன்னால் நின்றாள். தவணை கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அரை மணித்தியாலம் நின்றிருப்பாள். கடைசியில் அந்த மனிதர் அலுத்துப்போய், ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார்.

அதைக் கொண்டுவந்தது நம் தவணைக்கார மாத்தயா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆ, மிஸ் ஆவாத?" என்றார். வந்தீர்களா மிஸ் என்று அத்தனை அன்பாக.

ஃபைல் கவுண்டரில் விரிந்தது. ஒப்பந்தம், அடையாள அட்டைப் பிரதி, அதற்கு மேல் குண்டூசி குத்திய ஒரு தாள். பிள்ளையின் பெயர், வயது, நிறை என்று மேலே தமிழில் கட்டம் அச்சடித்த தாள். கீழே சிங்களத்தில் என் எழுத்து. உறையில் அதே எழுத்தில் விலாசம் எழுதித்தான் அவளுக்கு இரண்டு வருஷமாகக் கடிதங்கள் போயிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"இத வெட்டுங்க," என்றாள் மேனேஜரிடம், சிங்களத்தில். குரல் மாறவில்லை. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அவள் பெயரையும் நம்பரையும் குறுக்கே வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். இனி அவளைத் தேடி யாரும் போன் பண்ண மாட்டார்கள் என்று தவணைக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கொழும்பு வேலை போனது போனதுதான். அவள் பெயரை வெட்டிய சிவப்புப் பேனா அதைத் திருப்பித் தரவில்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், என் புருஷன் விஷயம், தம்பி விஷயம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். என் டிக்கெட்டுக்கும் சேர்த்து அவளே காசு கொடுத்தாள். லயத்துக்கு வந்ததும் அக்கா ஓடிவந்து, "யாருன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். "யாரும் குடுக்கலம்மா. அவங்களே விசாரிச்சுக் கண்டுபுடிச்சாங்களாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

ஒரு மாதத்தில் அவள் திரும்பவும் கொழும்புக்குப் போய்விட்டாள். இந்த முறை எங்கே வேலை, எங்கே தங்கியிருக்கிறாள் என்று தாயிடமும் சொல்லவில்லை. கடிதம் இல்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, நடுவில் எப்போதாவது வருவாள், காசைக் கையில் கொடுப்பாள், போவாள். அந்தக் காசில் மெஷின் கடன் அடைந்தது. அக்காவுக்கு அது பெரிய மனவருத்தம். என்னிடம்தான் வந்து புலம்புவார்: "பெத்தவகிட்ட விலாசம் குடுக்க மாட்டேங்குறா புள்ள. நான் என்னா பண்ணேன் அவளுக்கு? நீ படிச்சவ, சொல்லு." தாயிடம் விலாசம் இருந்தால் அது நேராக என்னிடம் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "கொழும்புக்குப் போன புள்ளைங்க இப்பல்லாம் அப்பிடித்தாங்க்கா" என்று சொல்லுவேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவின் புருஷன் ஒரு விடியற்காலை மூச்சு முட்டி இறந்துபோனார். கைப்போன் அப்போது டிவிஷனில் இரண்டு பேரிடம் இருந்தது. இருந்து என்ன, எந்த நம்பருக்கு எடுப்பது? பழைய துணிக்கடைக்கு எடுத்துப் பார்த்தோம், அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குத் தெரியாம இருக்காது, நல்லா யோசிச்சுப் பாரு" என்று கெஞ்சினார். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் எடுத்துப் புதைத்தோம்.

எட்டாம் நாள், ஒன்றும் தெரியாமல் அவள் வந்தாள். தகப்பனுக்குப் புதுச் சாரம் ஒன்று வாங்கி வந்திருந்தாள். லயத்துப் பொம்பிளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "பெத்த அப்பன் மூஞ்சியக்கூட பாக்கல, நீயெல்லாம் ஒரு பொண்ணா? ஒரு விலாசம் குடுத்து வச்சா கொறஞ்சா போயிருவ?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தாயே மண்ணில் உட்கார்ந்தபடி, "கல்லு நெஞ்சுக்காரி" என்றார். அவள் எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள். என் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து அவள் புறப்படும் நாளில், இறந்தவருடைய ஈ.பீ.எஃப். காசுக்காக ஆபீஸில் கொடுத்த ஃபோரத்தை அக்கா பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தார். மகளும் கூட வந்தாள். நான் மேசையில் வைத்து நிரப்ப ஆரம்பித்தேன். இறந்தவர் பெயர், மனைவி பெயர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயரும் தற்போதைய விலாசமும் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றது.

"இங்க குடுங்க சித்தி," என்றாள் அவள்.

"ஏன்டி, சித்திதான் எழுதுதுல்ல. நீ வாயால சொல்லு, அது எழுதும்" என்றார் அக்கா.

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஃபோரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாமல் எழுதுவார்களே, அப்படி இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினாள். "என்னாடி இது, சித்திகிட்டயா மறைக்கிற?" என்று அக்கா சிரித்தார், புருஷன் போனபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும் வரை தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.